தொட்டுக்கொள்ள ஒரு தெளிசாறு

மைசூரில் ஆடி மழை கொட்டித் தீர்ப்பதில்லை. சாமுண்டி மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். தூறும், விடும், மறுபடி பிடித்துக்கொள்ளும். சாயங்காலமானால் தள்ளுவண்டிக்காரர்கள் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டிவிட்டு எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவார்கள். மெணசினகாய் பஜ்ஜி, அதாவது மிளகாய் பஜ்ஜி, வெந்ததும் நடுவே கீறி, துருவின கேரட்டும் பொடியாக அரிந்த வெங்காயமும் திணித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார்கள். வீட்டில் போட்டால் தேங்காய்ச் சட்னி. இரண்டுக்கும் பழகிய நாக்குதான் என்னுடையது. ஆனாலும் கொஞ்ச காலமாக மழை பிடித்தால் கை வேறொன்றை அடுப்பில் ஏற்றுகிறது. டெம்புராவுக்கு ஜப்பானியர்கள் தொட்டுக்கொள்ளும் டென்ட்சுயு. அதைச் செய்துகொண்டே அவ்வப்போது நோட்டில் எழுதி வைத்தவை இவை.

*

பார்வைக்கு, அடிவண்டல் கலங்காமல் மேலாக இறுத்த ரசத் தெளிவு மாதிரி இருக்கும். இளம் பழுப்பு நிறம். சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பாக வரும். கணக்கு எளிது: தாஷி நாலு பங்கு, சோயா சாஸ் ஒரு பங்கு, மிரின் ஒரு பங்கு. தாஷியை மூன்றாகக் குறைப்பவர்களும் உண்டு, ஐந்தாகக் கூட்டுபவர்களும் உண்டு. மூன்றையும் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். சாப்பிடும்போது துருவிய முள்ளங்கி, கொஞ்சம் இஞ்சி. அவ்வளவுதான்.

ஆனால் அந்த நாலு பங்கு தாஷியில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. தாஷி என்பது ஒரு சாறு. கொம்பு என்கிற கடற்பாசியும், காய்ந்த சூரைமீன் சீவலும் வெந்நீரில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போனபின் மிஞ்சுகிற தண்ணீர்.

இதை எனக்குக் காட்டியவர், மைசூரின் கோகுலம் பகுதிக்கு யோகம் பயில வந்த ஒரு ஜப்பானியப் பெண். யோக ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் லக்ஷ்மிபுரத்துச் சின்னக் கூடத்தில் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்தே வெளிநாட்டவர்கள் இந்த ஊருக்கு வருவது வழக்கம். அவர் 2009-ல் மறைந்த பிறகும் அது நிற்கவில்லை. விடியலுக்கு முன்பே சுருட்டிய பாயுடன் கோகுலம் தெருக்களில் நடப்பவர்களில் ஜப்பானியர்களும் உண்டு. இந்தப் பெண் எங்கள் மாடியில் குடியிருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது மீதியிருந்த கொம்புப் பாசியைப் பொட்டலத்தோடு என் கையில் வைத்து, “கொதிக்க மட்டும் விடாதீங்க அக்கா” என்று ஆங்கிலமும் கன்னடமும் கலந்து சொல்லிவிட்டுப் போனார்.

*

முதலில் தண்ணீர்.

வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் போர்த் தண்ணீர். அதைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். மற்றதில் வாணி விலாஸ் வாட்டர் ஒர்க்ஸ் விடும் காவிரித் தண்ணீர், அது வரும் நேரத்தில் மட்டும். போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு மசியாது என்பது இந்த ஊர்க் குடித்தனக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். தண்ணீரிலுள்ள கால்சியம் பருப்பின் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. கடற்பாசியின் செல்சுவரில் இருக்கிற ஆல்ஜினேட்டும் கால்சியத்தோடு சேர்ந்தால் அதேபோல இறுகும். உள்ளே இருக்கிற சுவை வெளியே வரத் தயங்கும். கியோட்டோச் சமையலில் பாசிச்சாறு அவ்வளவு தெளிவாக அமைவதற்கு அந்த ஊரின் மென்னீரும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

ஆகவே தாஷிக்குக் காவிரிதான். பருப்புக்கு என்று எடுத்து வைக்கிற அதே பித்தளைக் குடத்திலிருந்து முகந்துகொள்கிறேன்.

*

கொம்புப் பாசி காய்ந்த நிலையில் தோல் போலிருக்கும். கரும்பச்சை. மேலே மாவு பூத்தாற்போல் வெள்ளையாக இருக்கும். அது பூஞ்சையோ தூசியோ இல்லை. பெரும்பாலும் மானிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரை. இனிப்பின் ஒரு பங்கு அங்கேதான். கழுவக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றினால் போதும்.

லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம். பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அரைமணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். இரவே போட்டு வைத்தால் இன்னும் நல்லது. பிறகு சின்னத் தீயில் ஏற்றவேண்டும். சுருங்கிக் கிடந்த துண்டு மெல்ல விரியும். ஓரங்கள் அலையடித்துப் பச்சை தெளியும். பாத்திரத்தின் அடியில் கடுகளவுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், மேலே ஏறாது. தண்ணீரில் இளம் வைக்கோல் நிறம் இறங்கும். வாசனை கடலின் வாசனைதான், ஆனால் மீன்கடை வாசனை இல்லை. பாறைமேல் அலை அடித்துவிட்டுப் போனபின் இருக்கிற வாசனை. குமிழிகள் ஒவ்வொன்றாக அடியைவிட்டுக் கிளம்பும் அந்த நேரத்தில் பாசியை எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டிக் கொதிக்கவிட்டால் பிசுபிசுப்பும் ஒரு கசப்பும் சாற்றில் இறங்கும்.

நம் சமையலில் நான் கற்றதெல்லாம் இதற்கு எதிர்த்திசை. ஊறட்டும், கொதிக்கட்டும், சுண்டட்டும், எண்ணெய் பிரியட்டும் என்று சொல்லித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். போட்டது உள்ளேயே கிடந்து தன்னிடம் இருப்பதை முழுக்கக் கொடுத்துவிட வேண்டும். ரசம் ஒன்றுதான் விலக்கு; நுரை கூடி வரும்போது இறக்கத் தெரிந்த கை அதற்கு வேண்டும். தாஷியின் முன்னால் நிற்கும்போது ரசம் வைக்கிற கைதான் எனக்கு உதவுகிறது. எப்போது போடுவது என்பதைவிட எப்போது எடுப்பது என்பதில்தான் கவனம் நிற்கிறது. அந்தச் சில நிமிஷம் நான் போனை எடுப்பதில்லை, வேறு பாத்திரம் தேய்ப்பதில்லை. சும்மா நிற்கிறேன். அந்த நிற்றல் எனக்கு வேண்டியிருக்கிறது.

*

இந்தப் பாசிச்சாற்றில் நாக்கைப் பிடித்து நிறுத்துவது எது என்று கேட்டவர் டோக்கியோப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிகுனே இகேடா. 1908-ல் அது குளூட்டமிக் அமிலத்தின் உப்பு என்று கண்டார். பன்னிரண்டு கிலோ பாசியிலிருந்து அவருக்குக் கிடைத்தது முப்பது கிராம்தான் என்கிறார்கள். அடுத்த ஆண்டே அது வெள்ளைப் பொடியாகக் கடைக்கு வந்தது. நம் ஊர்களில் ஃபிரைட் ரைஸ் கடைப் பேச்சில் பயத்தோடு அடிபடும் அஜினோமோட்டோ அதுதான். அந்தப் பயத்தோடு ஒருமுறையாவது பாசிச்சாற்றை வெறுமனே, உப்புகூடப் போடாமல், ஒரு கரண்டி குடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதில் மிரட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. தக்காளி நன்றாகப் பழுத்தால் தருகிற நிறைவு அதிலும் இருக்கிறது. தக்காளியிலும் அதே குளூட்டமேட்தான்.

இங்கே செலுவாம்பா மாளிகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இகேடாவின் கேள்வி நினைவுக்கு வரும். அரச குடும்பத்தின் அந்த மாளிகை 1950-ல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். நிலக்கடலையிலிருந்து பால், எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு என்று இந்த நாட்டின் பசிக்கு விடை தேடின இடம் அது. சுவையை உணர்ந்து மதிப்பிடுவதற்கென்றே அங்கே ஒரு துறையும் உண்டு. நாக்கில் பட்டதைக் கவனித்து, அது என்ன என்று சொல்லப் பழகுவதைச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் ஊர் இது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

*

பாசிக்கு அடுத்தது மீன். ஜப்பானில் கட்சுவோபுஷி. சூரைமீனை வேகவைத்து, முள் நீக்கி, விறகுப் புகையில் திரும்பத் திரும்பப் புகைபோட்டு, உயர்ந்த வகையானால் மேலே பூஞ்சை வளர்த்து வெயிலில் காயவைத்து, அந்தப் பூஞ்சையைத் துடைத்து மறுபடி வளர்த்து, மாதக்கணக்கில் பொறுத்திருந்து எடுப்பது. கட்டை மாதிரி இருக்கும். இரண்டைத் தட்டினால் மரச்சத்தம் வரும். இழைப்புளி போன்ற ஒரு பெட்டியில் வைத்துச் சீவுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. வீட்டு ஞாபகம் வந்தது. எங்கள் கடற்கரையில் இது மாசி. மாலத்தீவிலும் மினிக்காயிலும் இதே சூரையைத்தான் தூண்டிலில் பிடித்து, வேகவைத்து, புகையில் காட்டி, வெயிலில் காயவைத்துக் கட்டையாக்குகிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் மாசி இல்லாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். இலங்கையில் சம்பலுக்கு உயிரே அதுதான். மாலத்தீவில் ஒன்றரை வருஷம்போல் தங்கியிருந்த இபின் பதூதா 14-ஆம் நூற்றாண்டிலேயே இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு கடல்களிலும் மீன் ஒன்றே: கட்சுவோனஸ் பெலாமிஸ்.

மாசியில் பூஞ்சை வளர்ப்பதில்லை. உப்பு கூடுதல், எண்ணெய்ப்பசையும் கூடுதல். ஆகவே சாறு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், தெளிவும் ஒரு மாற்றுக் குறையும். ஆனால் புகைமணம் அதே மணம்.

தூத்துக்குடியிலிருந்து மதினி கொடுத்துவிடுவார்கள். மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் யாராவது வருவதாக இருந்தால் போதும், செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் பாலித்தீன் கவர் போட்டு, அதன்மேல் இன்னொரு கவர். அத்தனையையும் மீறி ரயில் பெட்டி முழுக்க மணக்கும். இரும்பு உரலில் போட்டு நசுக்கி, மெல்லிய செதில்களாக உதிர்த்துக்கொள்கிறேன். பாசியை எடுத்தபின் தண்ணீரைக் கொதிவரை கொண்டுபோய், அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கைப்பிடி. கட்சுவோபுஷிச் சீவலானால் ஒன்றிரண்டு நிமிஷம். மாசிக்கு அது போதாது. கனமான செதில், மூடி வைத்துக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டல். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கலங்கும். கை தானாகவே பிழியப் போகும், தேங்காய்ப்பால் எடுத்துப் பழகிய கை.

பாசியின் குளூட்டமேட்டும் மீனின் இனோசினேட்டும் சேரும்போது இரண்டின் கூட்டுத்தொகையைவிடச் சுவை பல மடங்கு ஏறுகிறது என்பதை அகிரா குனினாகா 1950-களின் பிற்பகுதியில் காட்டினார். சமையற்காரர்கள் அதற்கு நூற்றாண்டுகள் முன்பே இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துவிட்டார்கள்.

ஒன்று அடிக்கடி மனதில் ஓடும். கிறிஸ்தவப் பாதிரியார் பிரான்சிஸ் சேவியர் 1542-ல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையை இன்றும் காட்டுவார்கள். அதே மனிதர் 1549 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். ககோஷிமாவிலுள்ள மகுராசாகி இன்றைக்குக் கட்சுவோபுஷிக்குப் பேர்போன துறைமுகம். இரண்டு கரையின் மணலிலும் நடந்த கால்கள். டெம்புராவே போர்த்துகீசியர் வழியாக நாகசாகிப் பக்கம் வந்த பொரியல்முறை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். நம் பஜ்ஜிக்குள் இருக்கிற மிளகாயும் அந்த மாலுமிகள் கொண்டுவந்து இறக்கியதே. ஒரே நூற்றாண்டில், ஒரே கொடியின் கப்பல்களில்.

*

சோயா சாஸில் சிக்கனம் கூடாது. சைனீஸ் வண்டிகளில் ஊற்றும் கறுப்புக் குழம்பு இங்கே ஒத்துவராது. அதில் கேரமல் நிறமே மேலோங்கி நிற்கும். சோயாவும் கோதுமையும் பூஞ்சையேற்றி, உப்புநீரில் மாதக்கணக்கில் புளித்து வந்த ஜப்பானிய வகையாக இருக்க வேண்டும். மாசி சேர்த்தால் ஒரு பங்கில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். உப்பு ஏற்கெனவே அதில் இருக்கிறது.

மிரின் பசையரிசியிலிருந்து செய்யும் இனிப்பு மது. முதலில் அதை மட்டும் கொதிக்கவிட்டுச் சாராயத்தைப் போக்கிவிடுவார்கள். இங்கே கிடைப்பது அரிது. நான் மண்டியா அச்சு வெல்லம் போடுகிறேன், வெளிர்நிறமாகப் பார்த்து. மிரின் மூன்று கரண்டி வேண்டிய இடத்தில் வெல்லம் ஒரு கரண்டிக்கு மிகாமல், தண்ணீரில் கரைத்து வடிகட்டி. மிரின் தரும் மினுமினுப்பு வராது. அதற்குப் பதில் கரும்பின் மணம் அடியில் தங்கும். ஜப்பானியர் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டால், மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து நாற்பது சொச்சம் கிலோமீட்டரில் விளைந்த கரும்பு.

*

ஜென் குரு தோகென் 1237-ல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதில் அவருடைய இளவயது நிகழ்ச்சி ஒன்று வருகிறது. சீனத் துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தபோது, ஒரு மடத்தின் வயதான சமையல் துறவி சாமான் வாங்க வந்தார். ஜப்பானிலிருந்து வந்த உலர்காளான் வாங்கத்தான் என்று வழக்கமாகச் சொல்வார்கள். தோகென் அவரை இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகும்படி வேண்டினார். அவர் மறுத்துவிட்டார். மறுநாள் சமையல் தன் பொறுப்பு, அதை இன்னொருவர் கையில் விட முடியாது என்றார். இந்த வயதில் தியானத்தையும் நூல்களையும் விட்டுவிட்டு ஏன் அடுப்படி வேலை என்று தோகென் கேட்க, பெரியவர் சிரித்தார். உமக்கு இன்னும் பயிற்சி என்னவென்று தெரியவில்லை என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் நடையைக் கட்டினார்.

நான் ஜென் பயின்றவள் இல்லை. ஆனால் அந்தப் பெரியவர் திரும்பிப்போன நடையை நினைத்துக்கொள்வேன். கையில் ஒரு காளான் பை. பல கல் தூரம். மறுநாள் துறவிகளுக்குக் கொஞ்சம் நல்ல சாறு.

*

முள்ளங்கியைக் கடைசியில்தான் துருவவேண்டும். துருவும்போதுதான் அதன் காரம் பிறக்கிறது, வைத்திருந்தால் போய்விடுகிறது. இலைப்பக்கம் இனிப்பு, நுனிப்பக்கம் காரம். தேவராஜ மார்க்கெட்டில் கிடைப்பது ஜப்பானின் டைகோனைவிட ஒல்லி; காரமும் கூடுதல். அதனால் இலைப்பக்கத்துப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றது சாம்பாருக்கு. கேரட் துருவியின் பெரிய கண்ணில் தேய்த்தால் நாராக வரும். இஞ்சி தேய்க்கிற முள்பக்கத்தில், வட்டமாக, அவசரப்படாமல் தேய்த்தால் பனிக்கூழ் போல வரும். தண்ணீரை லேசாக வடித்து, சின்னக் குன்றாகக் கிண்ணத்தில் வைத்தால் சாற்றில் மெதுவாகக் கரையும். எண்ணெயில் பொரித்தது நாக்கில் விடுகிற கனத்தை அறுப்பது இதுதான்.

*

எதைப் பொரிப்பது? கடலைமாவு பஜ்ஜிக்கு இது துணையாகாது. பெருங்காயமும் ஓமமும் மிளகாய்த்தூளும் போட்ட மாவுக்குச் சட்னிதான் சரி. டென்ட்சுயு அதன் பக்கத்தில் ஊமையாகிவிடும். மைதாவும் கொஞ்சம் அரிசிமாவும், ஐஸ் தண்ணீர் விட்டு, கட்டி கட்டியாக இருக்கும்போதே கலக்குவதை நிறுத்திவிட வேண்டும். கலக்கக் கலக்க மாவில் இழுவை கூடி, மொறுமொறுப்பு போய்விடும்.

மெல்லிய சர்க்கரைவள்ளி, பச்சைக் கத்தரிக்காய், பூசணிக்கீற்று. ஆனால் எனக்கு நெருக்கமானது தொட்டியில் வளரும் ஓமவல்லி, இங்கே தொட்டபத்ரே. ஜப்பானில் ஷிசோ இலையைப் பொரிப்பார்கள்; இரண்டும் துளசிக் குடும்பம். இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் மாவைத் தொட்டு எடுத்து, மாவுப்பக்கம் கீழே இருக்க எண்ணெயில் விடவேண்டும். அடியில் மாவு வெடித்து வெள்ளைப் பூவாக விரியும். மேல்பக்கம் எண்ணெய் மினுக்கத்தில் பச்சை ஆழமாகும், நரம்புகள் எழுந்து தெரியும், ஓரத்து ரோமம் அடங்கிவிடும். சடசடப்பு தணிந்து சன்னமாகும்போது எடுத்துவிடலாம். தொடும்போது மாவுப்பக்கம் மட்டும் சாற்றில் நனைய வேண்டும், இலை நனையக் கூடாது. ஊறவிடவே கூடாது. மைசூர் வெற்றிலையையும் இப்படிப் பொரிக்கலாம். ஆனால் அதன் உறைப்பு சாற்றோடு மல்லுக்கு நிற்கிறது. தாம்பூலத்துக்கே அதை விட்டுவிடுகிறேன்.

எடோவில், அதாவது பழைய டோக்கியோவில், டெம்புரா முதலில் தெருவண்டிச் சாப்பாடு. மரவீடுகள் நெருங்கிய ஊரில் வீட்டுக்குள் எண்ணெய் காய்ச்சினால் தீ பிடிக்கும் என்ற பயம். குச்சியில் குத்தி விற்பார்கள். எல்லாரும் ஒரே பாத்திரத்துச் சாற்றில் தொட்டு, நின்றபடியே தின்றுவிட்டுப் போவார்கள். இங்கே மழைக்கு ஒதுங்கி வண்டியைச் சுற்றி நிற்கிறவர்களைப் பார்க்கும்போது அந்த எடோத் தெரு எனக்குத் தூரமாகத் தெரிவதில்லை.

*

பக்கத்து வீட்டு மாமி மண்டயம் ஐயங்கார். மீன் மட்டுமில்லை, வெங்காயம், பூண்டு, காளான் எதுவும் ஆகாது. மாமிக்குத் தனிப் பாத்திரத்தில் பாசி மட்டும் போட்டு, அளவைக் கொஞ்சம் கூட்டி, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்தேன். மிரினுக்கு வெல்லம் என்பதும் இங்கே தோதாக அமைந்தது.

“கடல்லே மொளைக்கிற கீரையாம்மா இது?”

“ஆமா மாமி. வேற ஒண்ணும் போடல.”

ஓமவல்லியைத் தொட்டு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. “புளி இல்லே, காரம் இல்லே. ஆனா நாக்குலே நின்னுண்டே இருக்கே” என்றார். பிறகு முள்ளங்கியை இன்னும் கொஞ்சம் கேட்டார். ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதி வைக்கத்தக்க குறிப்பு அது.

*

எடுத்துவிட்ட பாசியையும் மாசியையும் தூக்கிப் போடுவதில்லை. பாசியை நூலாக நறுக்கி, மீந்த டென்ட்சுயுவில் கொஞ்சம் வெல்லமும் எள்ளும் சேர்த்துச் சுண்டவைத்தால் தயிர்சாதத்துக்கு ஆகும். சாறு இறங்கின மாசியில் உப்பும் புகையும் இன்னும் பாக்கி இருக்கும். அம்மியில் வைத்து, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்த்துருவலோடு ஒன்றிரண்டாகத் தட்டி, கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் சம்பல். மறுநாள் காலை இடியாப்பத்துக்கு. மதினியிடம் போனில் சொன்னேன், மாசியைத் தண்ணீரில் போட்டு எடுத்துவிட்டேன் என்று. “எடுத்ததை என்ன பண்ணீங்க?” என்றுதான் முதலில் கேட்டார்கள்.